ஊர் பஸ் யாருடைய பஸ்?

தென்னாட்டிலிருந்து படிப்பதற்காகப் பம்பாய் வந்து இறங்கும் தமிழ் மாணவன் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் மராத்தி எது? வாழ்த்துரை அன்று; வசவும் அன்று. (வசவு இரண்டாம் பாடம்.) பஸ்ஸின் நெற்றியில் தேவநாகரியில் எழுதியிருக்கும் எண்களைத்தான் அவன் முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். நம் கண்ணுக்கு ஒன்பதைப் போலத் தோன்றுவது உண்மையில் ஒன்று என்று தெரிந்துகொள்வதற்குள் இரண்டு பஸ்கள் போய்விடும். வண்டியின் பக்கத்தில் நாம் அறிந்த எண் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது நம் கண்ணில் படும்போது வண்டி நம்மைக் கடந்து கொண்டிருக்கும். ஒரு மாதம் ஆனால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சயான், மாதுங்கா, தாராவி என்று நம்மவர் வாழும் இடங்களுக்கெல்லாம் எந்த எண் போகும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வரும்.

(1995-ஆம் ஆண்டிலேயே ஊரின் பெயர் மும்பை ஆகிவிட்டது. நாவின் பழக்கத்தால் பம்பாய் என்று எழுதுகிறேன், பொறுத்தருள்க.)

இந்தச் சிவப்பு பஸ்ஸைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் விடுதியில் நடந்த ஒரு வாக்குவாதம். 2025 மே மாதம் 9-ஆம் நாள் முதல் 'பெஸ்ட்' பஸ்ஸில் சாதாரண வண்டிக்குக் குறைந்த கட்டணம் ஐந்து ரூபாயிலிருந்து பத்து ரூபாய் ஆயிற்று. குளிர்சாதன வண்டிக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு. ஒரே நாளில் இரு மடங்கு! பொருளாதாரம் பயிலும் என் நண்பர் ஒருவர், "இதில் வியப்பென்ன? நஷ்டத்தில் ஓடும் தொழிலைக் கார்ப்பரேஷன் எத்தனை நாள் கட்டி அழும்? பேசாமல் எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டுவிட வேண்டியதுதான்" என்றார். கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் தலையசைத்தார்கள். நான் அசைக்கவில்லை. ஏன் அசைக்கவில்லை என்பதை அன்றிரவு ஒழுங்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

தனியாரிடம் விட்டால் என்ன என்று கேட்பவர்கள் அதைப் புதிய யோசனை என்று எண்ணுகிறார்கள். இந்த ஊர் அந்தச் சோதனையை முன்பே செய்து பார்த்தது. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. எழுபது ஆண்டுகளுக்கு மேல்.

1865-இல் ஓர் அமெரிக்கக் கம்பெனி பம்பாயில் குதிரை டிராம் விட அனுமதி கேட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி விலை வானளாவ உயர்ந்து, பம்பாய் வியாபாரிகள் பணத்தில் புரண்ட காலம் அது. போர் முடிந்தது, பருத்தி விலை விழுந்தது, பணம் போன இடம் தெரியவில்லை, டிராமும் வரவில்லை. பின்னர் 1873-இல் ஸ்டேர்ன்ஸ், கிட்ரெட்ஜ் என்பவர்களின் நிறுவனத்துக்கு உரிமம் கிடைத்து, 1874 மே 9-ஆம் நாள் குதிரை டிராம் ஓடத் தொடங்கிற்று. கொலாபாவிலிருந்து பைதோனிக்கு ஒரு பாதை. போரி பந்தரிலிருந்து பைதோனிக்கு மற்றொன்று. கட்டணம் மூன்று அணா. முதலில் டிக்கெட் என்ற சீட்டே கிடையாது! கூட்டம் சேரவே கட்டணத்தை இரண்டணா ஆக்கினார்கள். காசு கொடாமல் ஏறுவோர் தொகையும் உடன் வளர்ந்தபடியால் அந்த ஆண்டிலேயே டிக்கெட்டும் பிறந்தது. இன்று கொலாபாவில் 'எலெக்ட்ரிக் ஹவுஸ்' நிற்கும் இடத்தில்தான் அன்று அந்தக் கம்பெனியின் குதிரை லாயம் இருந்தது. தொள்ளாயிரம் குதிரைகள் அங்கே கட்டப்பட்டிருந்தனவாம்.

குதிரைக்குப் பிறகு மின்சாரம் வந்தது. மின்சாரத்தின் கதையை இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். என் வாதத்தின் ஆணிவேர் அதில்தான் இருக்கிறது. 1882-இல் கிராஃபோர்டு மார்க்கெட்டுக்கு மின்விளக்குப் போட ஒரு கம்பெனியுடன் நகரசபை ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டே அந்தக் கம்பெனி திவாலாயிற்று. மார்க்கெட் மறுபடியும் வாயு விளக்குக்குத் திரும்பிற்று. விளக்கை மட்டும் நம்பி மின்சார வியாபாரம் நடத்துவது அக்காலத்தில் கடினம். விளக்கு இரவில் எரிவது. பகலெல்லாம் இயந்திரம் சும்மா கிடக்கும். பகலில் டிராமை இழுக்கவும் இரவில் விளக்கை எரிக்கவும் அதே இயந்திரம் பயன்படுமானால் இரண்டும் பிழைக்கும். 1905 ஆகஸ்டு 7-ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி 'பம்பாய் மின்சார விநியோக, டிராம்வே கம்பெனி' தோன்றியபோது, ஒரே கம்பெனிக்கு வெளிச்சமும் வழியும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. வாடி பந்தரில் மின் நிலையம் எழுந்தது. 1907 மே 7-ஆம் நாள் முதல் மின்சார டிராம் ஓடிற்று. ஆக, விளக்குக் காசும் வண்டிக் காசும் ஒரே பெட்டியில் விழுவது என்பது பிற்காலத்து அரசியல்வாதிகள் கண்டுபிடித்த சலுகை அன்று. லாபத்துக்காக வந்த வெள்ளைக்காரக் கம்பெனியே கண்ட தொழில் நுணுக்கம் அது.

மோட்டார் பஸ் வந்தது 1926 ஜூலை 15-ஆம் நாள். ஆப்கான் சர்ச்சிலிருந்து கிராஃபோர்டு மார்க்கெட் வரை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆறு லட்சம் பேர் அதில் ஏறினார்கள். மறு ஆண்டு முப்பத்தெட்டு லட்சம் பேர்! இவ்வளவு வரவேற்பு இருந்தும் அது ஏழையின் வண்டியாக இருக்கவில்லை. ஸஸூன் டாக்கிலிருந்து தாதர் வரை டிராமில் ஒன்றரை அணா. அதே தூரத்துக்குப் பஸ்ஸில் நாலணா. நாலணா கொடுக்கத்தக்கவர் வாழும் பகுதிகளில் பஸ் ஓடிற்று. நகரின் வடபகுதிக்கும் பஸ் விடுங்கள் என்று சர்க்காரும் கார்ப்பரேஷனும் கம்பெனியைக் கேட்டுக்கொண்ட பிறகு, 1934-இல்தான் அங்கே பஸ் போயிற்று. 'கேட்டுக்கொண்ட பிறகு' என்ற சொற்களை என் நண்பர் அருள்கூர்ந்து மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். கம்பெனியின் மேல் குற்றமில்லை. கம்பெனி என்பது பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டியது. வடபகுதியில் சேற்றில் நடப்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதன்று.

1905 ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: குறித்த காலத்தில் கார்ப்பரேஷன் விரும்பினால் கம்பெனியை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். சரியாக நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1947 ஆகஸ்டு 7-ஆம் நாள், நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு நாள் முன்பு, கார்ப்பரேஷன் அதை வாங்கிற்று. அன்று கைக்கு வந்தவை 242 பஸ்கள், 23 பாதைகள், நாளொன்றுக்கு 2 லட்சத்து 38 ஆயிரம் பிரயாணிகள். டிராமும் உடன் வந்தது. அது 1964 மார்ச் 31 இரவு போரி பந்தரிலிருந்து தாதருக்குத் தன் கடைசிப் பயணத்தைச் செய்தது. டிராம் போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் தாதர் டி.டி. என்று இன்றும் சொல்கிறோமே, அந்த இரண்டு எழுத்தும் டிராம் முனையத்தின் மிச்சந்தான்.

ஊர் தன் பஸ்ஸைத் தானே நடத்திய காலத்தில் அது எப்படி வளர்ந்தது என்பதற்கு நீண்ட கணக்குத் தேவையில்லை. 242 என்பது நாலாயிரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு லட்சம் பிரயாணிகள் என்பது ஒரு காலத்தில் நாற்பது லட்சத்தைத் தாண்டிற்று. பம்பாயின் பஸ் வரிசை நாடெங்கும் பேர் பெற்றது. பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்கும் ஒழுங்கும், தகரப் பெட்டியில் டிக்கெட்டுக் கத்தைகளை அடுக்கிக்கொண்டு துளையிடும் கருவியைத் தட்டித் தட்டி ஓசை எழுப்பியபடியே நெரிசலுக்குள் நீந்தி வரும் கண்டக்டரும் இந்த ஊரின் அடையாளங்களாயினர். அந்த ஓசையைக் கேட்டதும் தூங்குகிறவனும் சட்டைப் பையில் கை விடுவான். இப்போது மின்னணுக் கருவி வந்துவிட்டது, ஓசை குறைந்துவிட்டது.

இதெல்லாம் நஷ்டமின்றி நடந்ததா? இல்லை. பஸ் பகுதி நஷ்டப்பட்டது. மின்சாரப் பகுதி அந்த நஷ்டத்தைத் தாங்கிற்று. பல ஆண்டுகள் இப்படியே நடந்தது. கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரையுள்ள நகர்ப் பகுதிக்கு மின்சாரம் தருவது பெஸ்ட். பஸ்ஸோ அதற்கும் அப்பால் புறநகரெங்கும் ஓடுகிறது. அந்தப் புறநகருக்கு மின்சாரம் தருவோர் வேறு கம்பெனிக்காரர். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்துக்குப் பின் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையம் கணக்கைத் துருவிப் பார்க்கத் தொடங்கிற்று. மலபார் ஹில் வாசியின் மின்சார பில்லில் முலுண்டுப் பிரயாணியின் பஸ் செலவை ஏன் ஏற்ற வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. நாளடைவில் அந்த வழி அடைபட்டது.

கேள்வி நியாயமானதுபோல் தோன்றும். நானும் சில நாள் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் மலபார் ஹில் வீட்டில் காலையில் பாத்திரம் துலக்க வருகிறவள் எங்கிருந்து வருகிறாள்? அங்கே கார் ஓட்டுகிறவன், காவல் காக்கிறவன், நோயாளிக்கு ஊசி போட வரும் தாதி, இவர்களெல்லாம் எதில் வருகிறார்கள்? பஸ் கட்டணம் குறைவாக இருப்பதால் பயன் பெறுகிறவன் பஸ்ஸில் ஏறுகிறவன் மட்டுந்தானா? ஏறாதவனும் அதன் பயனை நாள்தோறும் தன் வீட்டு வாசலில் பெறுகிறான். அவன் பில்லில் அதற்குச் சிறு பங்கு இருந்தது. அது போய்விட்டது, அந்த இடத்தை நிரப்ப வேறெதுவும் முறையாக வைக்கப்படவில்லை. ஆண்டுதோறும் கார்ப்பரேஷனிடம் கையேந்தும் நிலைமைதான் வந்தது.

2019 ஜனவரியில் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பெஸ்ட் வரலாற்றில் அவ்வளவு நீண்ட வேலைநிறுத்தம் அதற்கு முன் இல்லை. அதற்குப் பிறகு கார்ப்பரேஷன் பண உதவிக்கு இசைந்தது, சில நிபந்தனைகளுடன். கட்டணத்தைக் குறைக்க வேண்டும். பஸ்களின் எண்ணிக்கையை வாடகை பஸ்களைக் கொண்டு கூட்ட வேண்டும். முதல் நிபந்தனை அருமையானது. அந்த ஜூலையில் குறைந்த கட்டணம் எட்டு ரூபாயிலிருந்து ஐந்து ரூபாயாக இறங்கியதும், பஸ்ஸை மறந்திருந்தவர்கள் லட்சக்கணக்கில் திரும்பி வந்தார்கள். பஸ்ஸில் ஏற ஆளில்லை என்று சொல்லி வந்தவர்களுக்கு இதைவிடச் சரியான பதில் வேண்டுமா? ஏற மனமில்லாமல் அன்று, கட்டுப்படியாகாமல்தான் விலகியிருந்தார்கள்.

இரண்டாவது நிபந்தனைதான் என்னைக் கவலைப்படச் செய்வது. அதன் முறை இதுதான்: ஒப்பந்தக்காரர் பஸ்ஸை வாங்குவார், டிரைவரைத் தாமே நியமிப்பார், பழுதும் தாமே பார்ப்பார். பாதையைக் குறிப்பதும் கட்டணத்தை வசூலிப்பதும் பெஸ்ட். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பெஸ்ட் அவருக்குக் கொடுக்கும். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. பஸ் வாங்க முதல் வேண்டாம். கிலோமீட்டருக்கு ஆகும் செலவும் சொந்த பஸ்ஸைவிடக் குறைவு. புதிய மின்சார பஸ்கள் ஊருக்குள் விரைவில் வந்ததும் இதனால்தான். இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. 2023-இல் டீசல் மாடி பஸ்கள் விடைபெற்ற அதே ஆண்டில் குளிர்சாதன மின்சார மாடி பஸ்கள் ஓடத் தொடங்கின. அவற்றின் மாடியில் முன் இருக்கைக்காக முதியவர்களும் சிறுவர்களோடு போட்டியிடுவதைக் காணலாம்.

ஆனால் செலவு எங்கே குறைந்தது? எண்ணெயிலா? டயரிலா? பெரும்பாலும் டிரைவரின் கூலியில்தான். ஒரே சாலையில், ஒரே சிவப்பு வண்டியில், ஒரே நேரம் உழைக்கும் இரு டிரைவர்களில் பெஸ்டின் சொந்த ஊழியருக்கு ஒரு சம்பளம், ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு மிகக் குறைந்த மற்றொரு சம்பளம். 2023 ஆகஸ்டில் அந்த டிரைவர்கள் கூலி உயர்வு கேட்டு வண்டிகளை நிறுத்தினார்கள். ஊர் தவித்தது. அப்போது அவர்களிடம் பேச வேண்டியவர் யார்? ஒப்பந்தக்காரர்தாம் எசமானர் என்றது நிர்வாகம். பிரயாணிக்கோ ஒப்பந்தக்காரர் யார், அவர் அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது தெரியாது. வண்டியின் மேல் எழுதியிருந்ததோ பெஸ்ட் என்ற பெயர்.

2024 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு குர்லாவில் ஒரு வாடகை மின்சார பஸ் கட்டுக்கடங்காமல் பாய்ந்து பலர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. அதில் நான் நுழையவில்லை. அந்த டிரைவருக்கு மின்சார பஸ் ஓட்டப் போதிய பயிற்சி தரப்பட்டிருந்ததா என்ற கேள்வி மட்டும் அன்று ஊரெங்கும் எழுந்தது. அதற்கு நிமிர்ந்து பதில் சொல்லக்கூடிய ஒரே இடம் இல்லாமல் போனதைத்தான் நான் குறிப்பிடுகிறேன். பயிற்சி தருகிறவன் ஒருவன், ஓட்டச் சொல்கிறவன் ஒருவன், பெயர் கொடுக்கிறவன் ஒருவன் என்று ஆகிவிட்டால் கேள்வி பந்துபோல் கைமாறிக்கொண்டே போகும்.

சொந்த ஊழியர் என்றால் என்ன பொருள் என்பதை 2020-இல் கண்டோம். மார்ச்சு மாதம் ரயில்கள் நின்றன. ஊரே கதவடைத்தது. மருத்துவமனைக்குப் போக வேண்டிய டாக்டரையும் தாதியையும் தோட்டியையும் ஏற்றிக்கொண்டு சிவப்பு பஸ் ஓடிற்று. அதை ஓட்டியவர்களிலும் டிக்கெட் கொடுத்தவர்களிலும் பலர் நோயுற்றனர், மாண்டவரும் பலர். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் இந்தக் கடமையை எந்த ஷரத்தின் கீழ் எழுதுவார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

2019 ஜூனில் தொழிலாளர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில், சொந்த பஸ்கள் 3,337-க்குக் குறையாமல் வைத்துக்கொள்வோம் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பழைய வண்டிகள் காலம் முடிந்து கழிந்தன. அந்த இடத்தில் சொந்த வண்டிகள் வாங்கப்படவில்லை. 2025-க்குள் அந்த எண் சில நூறுகளாகச் சுருங்கிவிட்டது. வாடகை பஸ்களைச் சேர்த்து எண்ணினாலும் பழைய நாலாயிரத்தை எட்டவில்லை. ஒப்பந்தக்காரரில் சிலர் கட்டுப்படியாகவில்லை என்று இடையில் விலகியும் போனார்கள். விலகும்போது அவர்கள் பஸ்ஸை அவர்களே கொண்டு போவார்கள் அல்லவா? 1947-இல் ஊர் விலை கொடுத்து வாங்கியதை, ஒரு தீர்மானமும் ஒரு விவாதமும் இல்லாமல், வண்டி வண்டியாகக் கைநழுவ விட்டோம்.

பணம் எங்கே என்று நண்பர் கேட்பார். நானும் ஒரு கணக்குக் கேட்கிறேன். கடலோரமாக 13,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு இதே கார்ப்பரேஷன் ஒரு சாலை போட்டது. 2024 மார்ச்சில் அதன் முதற்பகுதி திறக்கப்பட்டது. நேர்த்தியான சாலை, குறை சொல்வதற்கில்லை. பெரும்பாலும் கார் உள்ளவர்களுக்குப் பயன்படுவது. மோட்டார் சைக்கிளுக்குக்கூட அங்கே இடமில்லை. அதில் போகச் சுங்கம் உண்டா? ஒரு காசு கிடையாது. அந்தச் சாலை நஷ்டத்தில் நடக்கிறது என்று யாராவது ஒரு தலையங்கம் எழுதியிருக்கிறார்களா? சாலைக்கு ஆகும் பணம் செலவு. பஸ்ஸுக்கு ஆகும் பணம் நஷ்டம். இந்த இரண்டு சொற்களையும் இப்படிப் பங்கிட்டுக் கொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. நண்பரின் பாடப்புத்தகத்தில் ஒருவேளை இருக்கக்கூடும்.

எனவே என் அபிப்பிராயம் இது. விளக்கு போடுவதையும் சாக்கடை கட்டுவதையும்போல் பஸ் விடுவதையும் கார்ப்பரேஷன் தன் வரவு செலவுத் திட்டத்துக்குள் நேரடியாகக் கொண்டுவர வேண்டும். ஆண்டுக்கொரு முறை பிச்சை போடுவதுபோல் அல்ல, இன்ன தொகை என்று முன்கூட்டி நிச்சயித்து. மின்சார பஸ்களை ஊரே வாங்க வேண்டும். இருக்கிற ஒப்பந்தங்கள் முடியும்வரை, வாடகை வண்டியின் டிரைவர் பயிற்சியையும் குறைந்த கூலியையும் பெஸ்டே நிர்ணயிக்க வேண்டும். டிப்போ நிலங்களைக் கட்டிடக்காரர் கண்ணிலிருந்து காப்பாற்ற வேண்டும். வண்டி நிறுத்த இடம் போய்விட்டால் பிறகு பஸ் வாங்கியும் பயனில்லை.

நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதையே ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். தமிழ் மாணவர் சங்கத்துக்கும் பம்பாய் பஸ்ஸுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் நம்மவர் எத்தனை பேர் அந்த பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகிறார்கள் என்று அவர்கள் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அங்கே போய் நின்று எண்ணிவிட்டு வரட்டும். பொருளாதார நண்பர் எதிர்த்துப் பேசப் போவதாக இப்போதே அறிவித்துவிட்டார். மகிழ்ச்சி. கூட்டம் முடிந்ததும் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் விடுதி திரும்ப வேண்டும். அவருடைய டிக்கெட்டையும் நானே வாங்குகிறேன்.